கோரல் ஆலையும் வ.உ.சி.யும்

வ.உ.சிதம்பரனார் கப்பல் நிறுவனம் தொடங்கிய வரலாற்றைப் பலரும் அறிவர். ஆலைத் தொழிலாளருக்காக அவர் நின்றது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1872ஆம் ஆண்டில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தூத்துக்குடியில் வழக்கறிஞராக இருந்தார். அங்கு ஆங்கிலேயர் நடத்திய கோரல் நூற்பாலை நல்ல இலாபம் ஈட்டியது. தொழிலாளருக்கோ சொற்பக் கூலிதான். விடிந்தது முதல் இருட்டும்வரை வேலை; வார விடுமுறை கிடையாது. சிறுவர்களும் அங்கு உழைத்தனர்.

1908 பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அன்றாடக் கூலியை நம்பியவர்கள் எத்தனை நாள் பட்டினி கிடக்க முடியும்? நிர்வாகம் அதைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால், வ.உ.சி. ஊராரிடம் நிதி திரட்டி அவர்களுக்கு உணவளித்தார். ஊரும் அவர்கள் பக்கம் நின்றது. நிர்வாகத்தை ஆதரித்த ஒருவருக்கு முடிதிருத்துநர் பாதி சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டாராம்! ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளானது.

அடுத்த சில நாளில், மார்ச் 12ஆம் நாள், வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கூலி கேட்கவில்லை. அவருடைய விடுதலையைக் கேட்டனர்.

அரசுக்கு எதிராகப் பேசியதாக 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவர் செக்கிழுத்தார். 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலையானபோது வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைத்தார். வறுமையிலும் தொழிற்சங்கப் பணியை அவர் விடவில்லை. 1936 நவம்பர் 18ஆம் நாள், அதே தூத்துக்குடியில் காலமானார்.