மழையில் நின்று கோப்பை வாங்கியவர்



கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் விளையாட்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் பந்துப் பை தூக்கிய ஒரு ஏழைப் பையன் அதில் பெரிய வீரர் ஆனார். அவர் பெயர் பாப்வா செவ்கோலம்.

நம்ம எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கரும்பை வெட்டத்தான் 1860-ல் சென்னையிலிருந்து கப்பல் ஏறி நம் மக்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனார்கள். வட இந்தியர்களும் போனார்கள். அப்படிப் போய்க் குடியேறிய இந்தியர்கள் மத்தியில்தான் பாப்வா பிறந்தார். குடும்பம் ரொம்ப ஏழை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மரக்கிளையை வெட்டி மட்டையாக்கி, தானே அடித்துப் பழகினார். பிறகு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் வேலைக்குப் போனார்.

கோல்ஃபில் முதல் அடிக்கு டிரைவர் என்ற மட்டை. மூன்றரை அடிக்கு மேல் நீளம். எலுமிச்சம்பழம் அளவு பந்தைச் சின்ன ஆணி மேல் வைத்து, தூரமாகப் போகிற மாதிரி வீச வேண்டும். வலது கைக்காரர்கள் கிரிக்கெட் மட்டை மாதிரி இடது கையை மேலேயும், வலது கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள். பாப்வா தலைகீழ்! வலது கை மேலே, இடது கை கீழே. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் தானாக வந்த பிடி அது. கை எப்படி இருந்தால் என்ன, மட்டையின் முகம் பந்தை நேராகத் தொட வேண்டும், அவ்வளவுதான். பலத்தைக் காட்டி அடித்தால் பந்து கோணிக்கொண்டு போகும். உடம்பு திரும்பி, ஒரே சீராக வீசினால்தான் நேராகப் போகும். பாப்வா தினமும் பழகிப் பழகி இதைக் கைவசப்படுத்தினார்.

வேலை கொடுத்த முதலாளி இவர் திறமையைப் பார்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1959-ல் டச்சு ஓப்பன் போட்டியில் ஜெயித்தார். 1960, 1964-லும் அங்கேயே ஜெயித்தார்.

ஆனால் சொந்த நாட்டில் நிறவெறி ஆட்சி. காந்தியடிகளை ரயிலிலிருந்து தள்ளிய அதே நேட்டால் மாகாணம்தான். 1963-ல் நேட்டால் ஓப்பனில் வெள்ளைக்கார வீரர்களைத் தோற்கடித்தார். ஆனால் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக் கூடாதாம்! மற்றவர்கள் உள்ளே இருக்க, ஜெயித்தவர் வெளியே மழையில் நனைந்துகொண்டே கோப்பை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த நாட்டோடு விளையாட மாட்டோம் என்ற எதிர்ப்பு வளர அதுவும் ஒரு காரணம்.

1965-ல் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே அதே போட்டியில் முந்தினார். அதற்குப் பிறகு அரசாங்கம் அவரைப் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தது. நல்லா ஆட வேண்டிய வயசில் கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். 1978-ல் வறுமையிலேயே இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இன்று டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எந்த நிறத்தவரும் ஆடலாம்.

தோழர்களே, மட்டையைத் தப்பாகப் பிடித்தவர் என்று பாப்வாவைச் சொன்னவர்கள் உண்டு. உண்மையில் தப்பு அவர் கையில் இல்லை, கதவைச் சாத்தியவர்களிடம்தான் இருந்தது. நம்ம விளையாட்டு பீரியடில் ஒருவர் வேற மாதிரி ஆடினால் சிரிக்காதீர்கள். அவருக்கும் ஒரு தடவை மட்டையைக் கொடுங்கள்!

— 9-ஆம் வகுப்பு மாணவி