சிரிப்பு வாயு தந்த பல் டாக்டர்

பல் பிடுங்கப் பயப்படுகிறவர்களுக்கு இன்று மூக்கு வழியாக ஆக்சிஜனுடன் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பு வாயுவைக் கொடுக்கிறார்கள். நினைவு தப்பாது, பயம் அடங்கும். இதற்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பல் டாக்டர் ஹோரஸ் வெல்ஸ்.

1815-ல் பிறந்த இவர், ஹார்ட்போர்டு நகரில் தொழில் செய்தார். 1844 டிசம்பர் 10-ந் தேதி அங்கு சிரிப்பு வாயு வேடிக்கைக் காட்சி நடந்தது. அதை முகர்ந்து துள்ளிய ஒருவருக்குக் காலில் பலத்த அடி. அவருக்கோ வலியே தெரியவில்லை! மறுநாளே வெல்ஸ் அந்த வாயுவை முகர்ந்து, தன் பல்லையே பிடுங்கச் செய்தார். துணிச்சல்காரர்தான்.

1845-ல் பாஸ்டனில் டாக்டர்கள் முன்னிலையில் செய்து காட்டினார். வாயு போதாமல் நோயாளி அலறினார். கூட்டம் கேலி செய்தது. அடுத்த ஆண்டே பழைய கூட்டாளி மார்ட்டன், அதே பாஸ்டனில் ஈதர் கொடுத்துப் புகழ் பெற்றார்.

குளோரோபாரத்தைத் தானே முகர்ந்து சோதித்த வெல்சுக்குப் புத்தி தடுமாறியது. தெருவில் பெண்கள் மீது அமிலம் வீசிக் கைதானார். 1848-ல் நியூயார்க் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் அவர் கண்டுபிடிப்பை ஒப்புக்கொண்டது 1864-ல்.