கைவிளக்கும் கணக்கேடும்

நோயுற்றோர்க்குப் பணிசெய்தல் அறங்களுள் தலையாயது என்பதை எல்லாச் சமயங்களும் ஒருமுகமாக வலியுறுத்துகின்றன. நோயாளியைக் கண்டு நலம் விசாரிப்பதனையே ஒரு கடமையாக வகுத்தது இஸ்லாம். அகழ்ப்போரின்போது மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோர்க்கு மருந்திட்ட ருஃபைதா (ரலி) அம்மையாரை இஸ்லாமிய வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. அவர் காலத்திற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழிந்தபின், உதுமானியப் பேரரசின் தலைநகரையொட்டிய ஒரு படைமனையில் அதே பணியைச் செய்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். பிறந்த நாடும் வளர்ந்த சமயமும் வேறு. செய்த அறம் ஒன்றே.

கைவிளக்கேந்திய காரிகை என்றே நாம் அவரைப் பள்ளிப் பாடத்தில் அறிந்திருக்கிறோம். ஆயின், பயிற்சிக் காலம் நீங்கலாக அவர் மருத்துவமனையில் பொறுப்பேற்றுப் பணியாற்றிய காலம் மூன்றாண்டுகளுக்கும் குறைவே. விளக்கை இறக்கி வைத்தபின் மேலும் 54 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். செவிலியர் தொழிலில் நுழைவதா, நீடிப்பதா, விலகுவதா என்று கலங்கி நிற்போர்க்கு அந்த 54 ஆண்டுகளே பெரிய பாடமாகும்.

வீட்டோடு ஒரு போராட்டம்

1820 மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் இங்கிலாந்தில் இரண்டு பெரிய மாளிகைகளுக்கு உரிமையாளர். அவரே தம் பெண்மக்களுக்குக் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் கற்பித்தார். இளையவரான பிளாரன்சின் மனம் கணிதத்தில் பெரிதும் தோய்ந்தது. 1837 பிப்ரவரியில், பதினாறு வயது நிரம்பிய நிலையில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். எத்தொண்டு என்பது அவருக்கு உடனே விளங்கவில்லை.

விளங்கியபோது வீடு குறுக்கே நின்றது. 1845இல் சாலிசுபரி மருத்துவமனையில் பயிற்சி பெற அவர் விரும்பினார், பெற்றோர் மறுத்தனர். அவர்கள் மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்நாளைய மருத்துவமனைச் செவிலியர் பலர் பயிற்சியற்றோர். மதுப்பழக்கம் உடையோர் என்று ஊர் அவர்களை இழித்துரைத்தது. செல்வக் குடும்பத்துப் பெண்ணை அத்தகைய இடத்திற்கு அனுப்ப எந்தத் தாய் உடன்படுவார்? மகளின் நலன் கருதியே தாயார் தடுத்தார். ஆனால் அந்தத் தடை மகளை நோயாளியாக்கும் அளவிற்கு வருத்தியது.

இதனூடே திருமணப் பேச்சும் எழுந்தது. ரிச்சர்டு மாங்க்டன் மில்னஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் பல்லாண்டுகள் அவரை விரும்பிக் காத்திருந்தார். நற்பண்பினர், புலமையாளர். பிளாரன்சும் அவர்பால் அன்புடையவரே. எனினும் விருந்தோம்பலிலும் அவைக்களத்திலும் கழியப்போகும் இல்வாழ்வு தம் அழைப்பிற்கு இடந்தராது என்று தெளிந்து 1849இல் மறுத்தார். மில்னசை வெறுத்து அவர் மறுக்கவில்லை. விருப்பமான இரண்டினுள் ஒன்றைக் கைவிட்டார். தீயதை விட்டு நல்லதைக் கொள்வது எளிது. இரண்டு நன்மைகளுள் ஒன்றைத் துறப்பதே தொழில் தேர்வில் நேரும் மெய்யான துன்பம் ஆகும்.

1851இல் செருமனியின் கைசர்சுவெர்த் என்னும் ஊரில் பாதிரியார் பிளீட்னர் நடத்திய நிறுவனத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி பெற்றார். எளிய உணவு, அதிகாலை எழுச்சி, ஓயாத உழைப்பு. அங்கேதான் அவர் மகிழ்ச்சியாக இருந்தார். வேலையின் கடுமை வேறு, வேலையற்ற வாழ்வின் வெறுமை வேறு. பின்னதே அவரை வாட்டியது.

முதற் பொறுப்பு

1853 ஆகஸ்டில், நோயுற்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்காக இலண்டன் ஹார்லி தெருவில் நடைபெற்ற ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஊதியம் இல்லை. மனம் இளகிய தந்தையார் ஆண்டுக்கு 500 பவுன் அளிக்க இசைந்தார்.

அங்கே அவர் கேட்டவை நம் கவனத்திற்குரியவை. ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய் வேண்டும். உணவை மேலேற்றக் கயிற்று ஏற்றம் வேண்டும். நோயாளி மணியடித்தால் செவிலியின் காதில் விழும்படி அமைப்பு வேண்டும் என்றார். படிக்கட்டில் ஏறி இறங்கியே செவிலியின் கால்கள் ஓய்ந்துவிடின், நோயாளியைக் கவனிக்க அவரிடம் என்ன எஞ்சும்? செவிலியின் களைப்புக்கு அவர் மனவலிமைக் குறைவைக் காரணம் காட்டாமல், கட்டடத்தின் அமைப்பை நோக்கியவர் நைட்டிங்கேல். ஆங்கிலத் திருச்சபையினர்க்கு மட்டுமே இடம் என்ற நிருவாகக் குழுவினரோடு வாதிட்டு, கத்தோலிக்கர்க்கும் யூதர்க்கும் கதவைத் திறக்கச் செய்தவரும் அவரே.

சலீமிய்யாப் படைமனை

1853இல் உருசியாவுக்கும் உதுமானியப் பேரரசுக்கும் இடையே மூண்ட போரில் 1854 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியர் பக்கம் சேர்ந்தன. காயமுற்ற ஆங்கில வீரர் கவனிப்பாரின்றி மடிவதை இலண்டன் டைம்ஸ் இதழ் வெளியிட, நாடு கொதித்தது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் அழைப்பை ஏற்று, 38 பெண்களுடன் அக்டோபர் 21ஆம் நாள் நைட்டிங்கேல் புறப்பட்டார். அவர்களுள் 14 பேர் மருத்துவமனைச் செவிலியர். ஏனையோர் கத்தோலிக்க, ஆங்கிலத் திருச்சபைத் துறவியரும் சமயத் தொண்டருமாவர். நவம்பர் தொடக்கத்தில் பாஸ்பரசு நீரிணையின் ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாரை அடைந்தனர். சுல்தான் மூன்றாம் சலீம் பெயரால் விளங்கும் சலீமிய்யாப் படைமனையைத் துருக்கியர் ஆங்கிலேயர்க்கு மருத்துவமனையாக விட்டுக்கொடுத்திருந்தனர்.

மருத்துவர்கள் முதலில் பெண்களை உள்ளே விடவில்லை. நைட்டிங்கேல் பூசலிடவில்லை, மருத்துவர் ஆணையின்றி எவரும் நோயாளியைத் தொடலாகாது என்று தம் குழுவினர்க்குக் கட்டளையிட்டு, கட்டுத்துணிகளைத் தைக்கச் செய்து காத்திருந்தார். சில நாளில் இன்கர்மன் போரில் காயமுற்றோர் வந்து குவிய, மருத்துவர்களே அழைத்தனர்.

அதன்பின் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. பகலில் சமையற்கூடம், சலவை, பண்டசாலை. இரவில் நோயாளரிடையே உலா. அதன்பின் இறந்தோர் வீட்டாருக்கு மடல்கள். அவர் கையிலிருந்தது மடக்கிச் சுருக்கத்தக்க துருக்கிப் பானூஸ் என்பர். ஓவியர்கள் அதனைப் பழங்கதை விளக்காக்கிவிட்டனர். பணிச்சுமையினும் மிகுதியாக அவரை வருத்தியவை உட்பூசல்களே. முன்னறிவிப்பின்றி 1854 டிசம்பரில் வந்து சேர்ந்த இரண்டாம் செவிலியர் குழு, சமயப் பிரிவினரிடையே எழுந்த ஐயங்கள், அவர் அதிகாரத்தை ஏற்க மறுத்த படை மருத்துவத் தலைவர் என நாளும் ஒரு நெருக்கடி. 1855 மே மாதம் பாலக்ளாவா சென்றபோது கடுங்காய்ச்சலில் வீழ்ந்து உயிர்பிழைத்தார். ஊருக்குத் திரும்புமாறு வேண்டினர். அவர் போர் முடியும்வரை அகலவில்லை.

கணக்கு உரைத்த உண்மை

இத்தனை உழைத்தும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனை நோயாளருள் 100க்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதார ஆணையம் வந்து பார்த்தபோது காரணம் புலனாயிற்று. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன; குடிநீர் வரும் வழியில் செத்த விலங்குகள் இருந்தன. கால்வாய்களைக் கழுவி, காற்றோட்டம் அமைத்தபின் ஜூன் மாதத்திற்குள் அவ்விகிதம் 100க்கு 2 ஆயிற்று.

1856 ஆகஸ்டில், வரவேற்புகளைத் தவிர்க்க மாற்றுப் பெயரில் பயணம் செய்து, அவர் வீடு திரும்பினார். நாடெங்கும் அவர் புகழ். அவரோ புள்ளியியல் அறிஞர் வில்லியம் பாருடன் அமர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். போரில் ஆங்கிலப் படையினர் பெரும்பாலோரைக் கொன்றது பகைவரின் குண்டன்று, நோயே என்பது தெளிவாயிற்று. அதனினும் கொடிய உண்மை, இறப்பு விகிதம் மிக உயர்ந்திருந்த மருத்துவமனைகளுள் அவர் இரவுபகலாக உழைத்த மருத்துவமனையே முன்னின்றது என்பதாகும். 1857இல் அவர் உடல் தளர்ந்து வீழ்ந்ததற்கு இவ்வறிதலும் காரணம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். காய்ச்சலின் பின்விளைவு என்பாரும் உளர்.

வேறொருவராயின் உண்மையை மறைத்துப் புகழில் இளைப்பாறியிருக்கக்கூடும். அவர் அதனை வட்ட வடிவப் படங்களாக வரைந்து ஆட்சியாளர் கண்முன் வைத்தார். அமைதிக்காலத்திலும் படைமனை வாழ் இளைஞர் ஊர்மக்களைப் போல் இருமடங்கு மாள்வதை நிறுவினார். புள்ளியியற் கழகம் முதல் பெண் உறுப்பினராக அவரை ஏற்றது. மீண்டும் அவர் நோயாளியின் கட்டிலருகே பணிக்குச் செல்லவில்லை, உடல் இடந்தரவில்லை. படுக்கையில் இருந்தவாறே எழுதினார். அவர் செவிலியர் பணியைக் கைவிட்டார் என்று கூறுதல் பொருந்தாது. நோயாளியின் கட்டிலைவிட்டு அகன்று, நோயின் வேரை நோக்கிச் சென்றார் என்பதே பொருத்தம்.

பயிற்சிப் பள்ளி

மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. முதலில் சேர்ந்தோர் 15 பேர். தங்குமிடம், உணவு, சீருடை, ஆண்டுக்கு 10 பவுன் உதவித்தொகை அனைத்தும் அளிக்கப்பட்டன. இழிவெனக் கருதப்பட்ட வேலை மதிப்புடைய தொழிலாயிற்று.

ஆயினும் சுமை ஒழியவில்லை. அங்குப் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ், 1865இல் லிவர்பூல் ஏழையர் இல்ல மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். நூற்றுக்கணக்கான நோயாளரிடையே மூன்றாண்டு அயராது உழைத்து, 1868இல் டைபசு காய்ச்சலால் 35ஆம் வயதில் மறைந்தார். நைட்டிங்கேல் அவருக்காகப் பெரிதும் வருந்தி எழுதினார். தாம் ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பது நல்ல நிருவாகம் அன்று. தாம் இல்லாதபோதும் பணி வழுவாது நடக்க ஒழுங்கு செய்வதே நிருவாகம் என்பது தம் செவிலியர் நூலில் அவர் வற்புறுத்திய கருத்து. தம் வாழ்வில் அவர் அதனை முற்றும் கடைப்பிடித்தாரில்லை. உடல்நலம் குன்றிய ஹெர்பர்ட்டையும் ஓயவிடாது வேலை வாங்கினார்; அவர் 1861இல் மறைந்தபோது தாங்கொணாத் துயருற்றார். செவிலியர்க்கு அரசுப் பதிவு வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்தார். பெரியோரிடத்தும் குறையுண்டு, குறையையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

நம் நாட்டிற்கும் அவர் கடப்பாடு உடையவர். இந்திய மண்ணை ஒருநாளும் மிதியாதவர், இங்குள்ள படைமுகாம்கள்தோறும் வினாப்பட்டியல் அனுப்பி நீர், கழிவு, இறப்பு பற்றிய செய்திகளைத் திரட்டினார். இங்கிருந்த ஆங்கிலப் படையினரின் இறப்பு, ஆண்டுக்கு 1000க்கு 69 என இருந்தது, 1873க்குள் 18 ஆகக் குறைந்தது. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது உழவர் கடனையும் நீர்ப்பாசனக் குறையையும் எடுத்துக்காட்டி எழுதினார். ஆர்தர் காட்டனின் பாசனக் கொள்கைக்குத் துணைநின்றார்.

நாம் கொள்ளத்தக்கது

1907இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயர்விருதைப் பெற்ற முதற்பெண் அவரே. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றபோது குடும்பத்தார் ஏற்கவில்லை. சிற்றூர்க் கல்லறையில் பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த நாள்களும் மட்டுமே பொறிக்கப்பட்டன. அவர் பிறந்த 200ஆம் ஆண்டாகிய 2020இல் உலகெங்கும் செவிலியர் கொரோனாக் கொள்ளைநோயை எதிர்த்து நின்றது காலத்தின் ஒற்றுமை போலும்.

நம் மாணவர் இல்லங்களிலும் செவிலியராய்ப் பணிபுரியும் தாயரும் தமக்கையரும் உளர். வளைகுடா நாடுகளில் இரவுப்பணி ஆற்றுவோரும் உளர். இயலவில்லை என்று அவர்கள் சொல்லும்போது, பொறுத்துக்கொள் என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். இனி அவ்வாறு நில்லாது, ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளர், எத்தனை மணி நேரம், ஓய்வு உண்டா என்று கணக்குக் கேட்போமாக. பொறுமை இறைவனுக்கு உவப்பான பண்பே; அடைபட்ட கால்வாயைத் திறவாதிருப்பது பொறுமை ஆகாது. தொழிலில் நீடிப்போர் நெறியோடு நீடிக்கட்டும். ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ நிருவாகியாகவோ மாறுவோர், தொண்டைத் துறந்தோம் என்று கலங்காதிருக்கட்டும். விளக்கேந்திய கை கணக்கேட்டை ஏந்தியபோதும் அது செவிலியின் கையாகவே இருந்தது. பணிசெய்வோர்க்கு வலிமையையும், பணிகொள்வோர்க்கு நீதியுணர்வையும் வல்ல இறைவன் அருள்வானாக!