கணக்கும் கலப்பையும் – விர்ஜில் மட்ஜாரு



சுவர் இதழில் பெரியவங்க வாழ்க்கைன்னாலே விஞ்ஞானி, கவிஞர், விடுதலை வீரர் என்றுதான் அதிகம் வரும். பொருளாதாரம் படிச்ச ஒருத்தரைப் பற்றி எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது. புள்ளிவிவரமும் வரைபடமும் நிறைந்த பாடமாச்சே, அதுல என்ன வீரம் இருக்குன்னு கேட்கலாம். இவர் கதையைப் படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

பிறப்பும் படிப்பும்

ஐரோப்பாவின் தென்கிழக்கில் இருக்கும் நாடு ருமேனியா. அங்கே டான்யூப் ஆற்றின் கரையில் கலாட்ஸ் என்ற துறைமுக நகரம் உண்டு. ருமேனிய கோதுமையும் மக்காச்சோளமும் கப்பல் ஏறிய ஊர் அது. 1887 டிசம்பர் 14 அன்று விர்ஜில் மட்ஜாரு அங்கே பிறந்தார்.

அவருக்கு 19 வயது இருக்கும்போது, 1907-ல், ருமேனியாவில் பெரிய விவசாயிகள் கலகம் வெடித்தது. நிலம் எல்லாம் பெரிய பண்ணையார்கள் கையில். உழுகிறவனுக்கு மிஞ்சியது கடனும் பசியும்தான். அரசு ராணுவத்தை அனுப்பிக் கலகத்தை அடக்கியது. ஆயிரக்கணக்கான விவசாயிகள் இறந்துபோனார்கள். அந்தத் தலைமுறையில் படித்தவர்கள் எல்லாருக்கும் இந்த விவசாயிகளை என்ன செய்வது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

மட்ஜாரு ஜெர்மனிக்குப் போய் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். ருமேனியத் தொழில் வளர்ச்சியை ஆராய்ந்து 1911-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1916-ல் புக்கரெஸ்ட் நகரில் உயர் வணிகக் கல்விக்கூடத்தில் பேராசிரியர் ஆனார். டிமிட்ரி குஸ்தி என்ற சமூகவியல் அறிஞருடன் சேர்ந்து, நாட்டின் நிலைமையை முறையாக ஆராய்வதற்கான அமைப்பை வளர்ப்பதிலும் பங்கு எடுத்துக்கொண்டார்.

வகுப்பறையிலிருந்து கட்சிக்கு

முதல் உலகப் போர் முடிந்ததும் ருமேனியா ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய நாடாகிவிட்டது. ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. 1921 நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் சுமார் 60 லட்சம் ஹெக்டேர் நிலம் பண்ணையார்களிடமிருந்து எடுக்கப்பட்டது. நிலம் கையில் வந்தாச்சு, இனி கவலை இல்லைன்னுதானே நினைப்போம்? அப்படி ஆகவில்லை. துண்டு நிலம், பழைய ஏர், விதைக்குக் கடன், கடனுக்கு அநியாய வட்டி. கஷ்டம் வேறு வடிவத்தில் தொடர்ந்தது.

கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்த இயோன் மிஹலாக்கே 1918-ல் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். பேராசிரியர் மட்ஜாரு அதில் சேர்ந்து, கட்சியின் கொள்கையை வகுக்கும் மூளையாக ஆனார். ஒருத்தருக்குக் கிராமம் தெரியும், இன்னொருத்தருக்குக் கணக்கு தெரியும். எனக்கு இந்தக் கூட்டணி ரொம்பப் பிடிச்சிருந்தது.

அவர் சொன்ன கொள்கை என்ன?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க, முக்கியமான இடம் இதுதான்.

ஒரு தொழிற்சாலை முதலாளி கூலி கொடுத்து ஆள் வைக்கிறார். லாபம் வரவில்லை என்றால் கதவை மூடிவிடுவார். ஆனால் விவசாயக் குடும்பம் அப்படி இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உழைக்கிறாங்க. தங்கள் உழைப்புக்குக் கூலி என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. முதல் நோக்கம் லாபம் இல்லை, குடும்பம் சாப்பிடணும். அதனால் விலை விழுந்தாலும் வயலை விட்டுப் போக முடியாது. ஆகவே தொழிற்சாலைக்குப் பொருந்தும் கணக்கை அப்படியே வயலுக்குப் போடக்கூடாது என்றார் மட்ஜாரு. சிறு விவசாயி அழிந்துதான் நாடு முன்னேறணும் என்பதை அவர் ஏற்கவில்லை. கூட்டுறவுச் சங்கம், குறைந்த வட்டிக் கடன், தொழில் கல்வி, நல்ல சந்தை இருந்தால் சிறு பண்ணையும் நிற்கும் என்று வாதாடினார்.

அப்போது ஆட்சியில் பலமாக இருந்த லிபரல் கட்சி, சொந்தக் காலில் நிற்போம் என்று சொல்லி, வெளிநாட்டுப் பொருளுக்கு அதிக வரி போட்டுத் தொழிற்சாலைகளை வளர்த்தது. கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வரியால் விவசாயி வாங்கும் இரும்புக் கலப்பையும் துணியும் விலை ஏறும், அவன் விற்கும் தானியம் மட்டும் ஏறாது. இரண்டு விலைகளும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி விரிந்துகொண்டே போகும், நடுவில் மாட்டிக்கொள்வது விவசாயி.

அமைச்சர் ஆனார், சோதனையும் வந்தது

1926-ல் விவசாயிகள் கட்சியும் யூலியு மானியுவின் தேசியக் கட்சியும் இணைந்தன. 1928 டிசம்பர் தேர்தலில் புதிய கட்சிக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 78 ஓட்டு கிடைத்தது. மட்ஜாரு அமைச்சரானார். 1928 முதல் 1933 வரை தொழில் வணிகம், நிதி, விவசாயம் என்று பல துறைகள் அவர் கையில் வந்தன. கூட்டுறவுச் சட்டம் வந்தது. சுங்க வரிக் கொள்கை மாறியது.

ஆனால் காலம் கைகொடுக்கவில்லை. 1929-ல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. தானிய விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் கிராமத்தில் வாழ்ந்த நாடு அது. அந்த அடி எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. தானியம் விற்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றாக நின்று நியாயமான விலை கேட்கணும் என்று மட்ஜாரு முயன்றார். 1930-ல் வார்சா நகரில் அந்த நாடுகளின் மாநாடும் நடந்தது. வாங்கும் நாடுகள் பெரிதாக இறங்கி வரவில்லை.

கஜானா காலி. அரசு ஊழியர் சம்பளம் மறுபடி மறுபடி வெட்டப்பட்டது. 1933 பிப்ரவரியில் புக்கரெஸ்ட் நகரின் கிரிவிட்சா ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டது. அந்த அரசில் நிதி அமைச்சர் மட்ஜாருதான். ஏழைகளுக்காகக் கட்சி வளர்த்தவரின் அரசே தொழிலாளரைச் சுட்டது. பெரியவர் வாழ்க்கை என்பதால் இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரலை. விவசாயிகளின் கடன் பாதியாகக் குறைந்ததும் 1934-ல் லிபரல் ஆட்சியில்தான்.

மறுபடியும் பேனா

பதவி போன பிறகு அவர் சும்மா உட்காரவில்லை. தன் கொள்கையையே திரும்ப சோதித்துப் பார்த்தார். கிராமத்தில் ஆள் அதிகம், வேலை குறைவு. ஆகவே விவசாயத்தோடு தொழில் வளர்ச்சியும் அரசின் திட்டமிடலும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். உலகப் போருக்குப் பின் ருமேனியப் பொருளாதாரம் வளர்ந்த வரலாற்றை விரிவான புள்ளிவிவரங்களோடு பெரிய நூலாக எழுதினார். அது 1940-ல் வெளிவந்தது.

முடிவு

அதே 1940-ல் ருமேனியாவின் நிலை தலைகீழானது. சோவியத் யூனியனும் ஹங்கேரியும் பல்கேரியாவும் நாட்டின் பகுதிகளை எடுத்துக்கொண்டன. அரசர் இரண்டாம் கரோல் செப்டம்பரில் முடி துறந்தார். இரும்புக் காவலர் என்ற யூத வெறுப்புக் கும்பல், தளபதி அன்டோனெஸ்குவோடு ஆட்சியில் பங்கு பெற்றது. மட்ஜாரு பாசிசத்தை எதிர்த்து வந்தவர். அவர்கள் அதை மறக்கவில்லை.

நவம்பர் 26 இரவு ஜிலாவா சிறையில் 60க்கும் மேற்பட்ட கைதிகளை அவர்கள் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் 27ஆம் தேதி மட்ஜாருவை அழைத்துச் சென்று, ஸ்னாகோவ் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். 53ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் 17 நாள்தான் இருந்தது. அதே நாளில் வரலாற்று அறிஞர் நிகோலாய் யோர்காவையும் இதே கும்பல் கொன்றது. யோர்கா 1931-32-ல் பிரதமராக இருந்தவர், மட்ஜாருவின் கட்சிக்காரர் அல்ல. வேறு வேறு பாதையில் போன இரண்டு அறிஞர்களுக்கும் ஒரே நாளில், ஒரே கும்பலால் சாவு. இரண்டே மாதத்தில், 1941 ஜனவரியில், அந்தக் கும்பலும் அன்டோனெஸ்குவோடு மோதி ஆட்சியை இழந்தது.

1990-ல் ருமேனிய அறிவியல் கழகம் மட்ஜாருவை, இறந்து 50 ஆண்டுக்குப் பின், தன் உறுப்பினராக ஏற்றது. அவர் பிறந்த கலாட்ஸ் நகரிலும் புக்கரெஸ்டிலும் வணிகவியல் சொல்லித்தரும் பள்ளிகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களே, அவர் எல்லாவற்றிலும் ஜெயித்தவர் இல்லை. ஆனால் ஏழையின் வீட்டுக் கணக்கை நாட்டின் கணக்காக எடுத்துக்கொண்டார். தவறு தெரிந்தபோது புத்தகத்தைத் திறந்து மறுபடி கணக்குப் போட்டார். இனி பொருளியல் பாடத்தில் ஒரு பட்டியல் வந்தால், அந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை குடும்பம் இருக்குன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.



– 11ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு