கேள்வி கேட்ட சிறுவன்

சென்ற ஆண்டு கபடி ஆடும்போது என் முழங்கால் திருகிக்கொண்டது. எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கு ஒரு பழுதும் இல்லை, வலியோ தீரவில்லை. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தது தெரிந்தது. கத்தி படாமல் காலுக்குள் நோக்கிய அந்த வித்தைக்கு விதையிட்டவர் யார் என்று தேடினேன். ஐசிடார் ராபி என்ற பௌதிக அறிஞரைக் கண்டேன்.

1898-ல், இன்று போலந்தைச் சேர்ந்த ரைமனோவ் என்ற ஊரில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார் ராபி. கைக்குழந்தையாகவே நியூயார்க் சேர்ந்தார். தந்தை தையல் தொழிலாளி. பள்ளியிலிருந்து திரும்பும் மகனிடம், இன்று என்ன படித்தாய் என்று தாய் கேட்கமாட்டார். நல்ல கேள்வி ஏதேனும் கேட்டாயா என்றே கேட்பார். அந்தத் தாயல்லவோ முதல் ஆசிரியர்!

1919-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் வழி தெரியாமல் கழிந்தன. பின்னர் பௌதிகத்துக்குத் திரும்பி, 1927-ல் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அணுக்கருவின் காந்தத் தன்மையை அளப்பது எப்படி? இதுவே அவர் எழுப்பிய கேள்வி. காந்தப் புலத்தில் அணுக்கரு பம்பரம்போல் தலையாட்டிச் சுழலும். அந்த ஆட்டத்துக்கு இணையான அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால், அதை ஏற்றுக்கொண்டு கரு நிலை மாறும். 1938-ல் மூலக்கூறுக் கற்றைகளில் இதை மெய்ப்பித்தார். 1944-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1946-ல் பிளாக், பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே இதைத் திரவத்திலும் திடப்பொருளிலும் கண்டனர். 1973-ல் லாட்டர்பர் இதைக்கொண்டு படமே வரைந்து காட்டினார். நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் கருக்களே இங்கே பேசுகின்றன. முழங்காலின் நல்ல ஜவ்வு படத்தில் கரிய பட்டையாகத் தோன்றும். கிழிந்த இடத்தில் நீர் புகுவதால் அங்கே வெண்மை படரும். என் படத்தில் மருத்துவர் காட்டியதும் அந்த வெண்மையைத்தான்.

முதுமையில் நோயுற்ற ராபியையும் அத்தகைய கருவிக்குள் கிடத்தினார்கள். பளபளக்கும் உட்சுவரில் தம் முகத்தையே கண்டு, தம் ஆய்வு இங்கு வந்து சேரும் என எண்ணவில்லையே என வியந்தார். 1988 ஜனவரியில், 89-ஆம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே! உன் ஆராய்ச்சியால் யாருக்குப் பயன் என்று ஊரில் உறவினர் கேட்கும்போதெல்லாம் நான் விழிப்பதுண்டு. 1938-ல் ராபியைக் கேட்டிருந்தால், முழங்காலுக்கு என்று அவரும் சொல்லியிருக்கமாட்டார். நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டு வைப்போம். பயன் தன் காலத்தில் வரும்.