அறமன்றில் வாழ்ந்த இறைப்பற்று

இறைப்பற்று கோவிலுக்குள் தொடங்கிக் கோவிலுக்குள்ளேயே முடிந்துவிடுவதா? அலுவலகத்திலும் அங்காடியிலும் அடுக்களையிலும் அதற்கு இடம் உண்டா? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முதல் தமிழ்ப் புதினத்தின் ஆசிரியராக மட்டுமே இன்று பெரிதும் அறியப்படும் அப்பெருமகனார், ஆழ்ந்த கத்தோலிக்கக் கிறித்தவர் என்பதும், அவருடைய அறவுணர்வின் ஊற்று அந்நம்பிக்கையே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் வேதநாயகர். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் தரங்கம்பாடியில் முனிசீப்பாக அமர்ந்தார்.  சீர்காழியிலும், தொடர்ந்து மாயூரத்திலும் பணிபுரிந்தார். மாயூரத்தில் கழிந்த பதின்மூன்று ஆண்டுகள் அவ்வூர்ப் பெயரையே அவருடைய பெயரோடு பிணைத்துவிட்டன.

பதவி அவரைப் பொதுமக்களிடமிருந்து பிரிக்கவில்லை. வழக்காடுவோர் தமிழர், சான்று கூறுவோர் தமிழர், தீர்ப்போ அவர்கள் அறியா மொழியில். தன் நிலம் எதனால் போயிற்று, எதனால் மீண்டது என்பதை உழவன் பிறர் வாய்க் கேட்டே அறியவேண்டிய நிலை. இதனை அநீதி எனக் கண்ட வேதநாயகர், 1805 முதல் 1861 வரையிலான உயர்முறை மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ எனும் நூலாக்கினார். வழக்குரைஞர் தமிழில் வாதிட வேண்டும் என்னும் கருத்தைத் தம் புதினத்திலும் வற்புறுத்தினார். அயலானை நேசித்தல் என்னும் கிறித்தவக் கட்டளைக்கு நீதிமன்றத்தில் பொருள் யாது? வழக்காட வந்தவனுக்கு விளங்கும் மொழியில் நீதி கிடைக்கச் செய்வதே என்று அவர் கொண்டார் எனலாம்.

1859இல் வெளிவந்த ‘நீதிநூல்’ இறைவனிடத்தில் தொடங்குகின்றது; ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. கைக்கூலி வாங்குவோரையும் கடிகின்றது. ஆசனத்தில் அமர்ந்து நீதி வழங்கியவரே கையூட்டினைக் கண்டித்துப் பாடினார் என்பதில்தான் அந்நூலின் வலிமை உள்ளது. மேலதிகாரியோடு நேர்ந்த பிணக்கினைத் தொடர்ந்து 1872இல் பணியை விட்டு விலகினார். பின்னர் மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் தொண்டாற்றினார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும்பஞ்சம் அவருடைய நம்பிக்கைக்கு வந்த பெருஞ்சோதனை. தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோரை ஊட்டினார். அக்கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் பாடிப் போற்றியவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். சிவனடியாரைப் பாடிய நா, ஒரு கிறித்தவரையும் பாடிற்று.

இவ்வுறவு தற்செயலானதன்று. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகரோ திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரைப் பாடல்களால் போற்றினார். 1878இல் வெளிவந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’, எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை எண்ணிப் பாடத்தக்கது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லார்க்கும் பொதுவாகப் பாடியவர் தம் சமயத்தில் தளர்ந்தாரோ? அவர் நூல்களே இதற்கு விடை. தேவமாதா அந்தாதியும் திருவருள் அந்தாதியும் பெரியநாயகி அம்மாள் பதிகமும் பாடியவர் அவரே. தம் வீட்டு வாயிலை அடையாளம் அறிந்தவரே பிறர் வீட்டு வாயிலில் மதிப்போடு நிற்க வல்லார். அவருடைய சமரசம் கொள்கையின்மையன்று, கொள்கையின் கனிவு. நம் மாவட்டத்தார்க்கு இது எளிதில் விளங்கும். ஆவூரில் கிறித்தவர் வணங்கும் அன்னை பெரியநாயகி. திருக்கோகர்ணத்தில் சைவர் வணங்கும் பிரகதாம்பாள் என்னும் பெயருக்கும் பெரியநாயகி என்பதே பொருள். வழிபாடு வேறு, அழைக்கும் தமிழ் ஒன்று.

பெண்கல்வியில் அவர் காட்டிய ஆர்வத்தைத் தனியே சுட்டல் வேண்டும். 1869இல் ‘பெண்மதிமாலை’ இயற்றினார். பெண்களுக்குக் கல்விச்சாலையும் நிறுவினார். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எனும் புதினத்தில், ஞானாம்பாள் ஆணுடையில் அரியணை ஏறி நாடாள்கின்றாள். ஆயினும், கற்ற பெண் நல்ல மனைவியாகவும் தாயாகவும் விளங்குதலையே அவர் மிகுதியும் வேண்டினார். ஞானாம்பாளும் ஆணுடையைக் களைந்து இல்லறத்துக்கே மீள்கின்றாள். கற்பிக்கும் பணியில் இருக்கும் பெண் என்ற முறையில், இவ்வெல்லையை நான் காணாமல் விடுவதற்கில்லை. எனினும், அவர் திறந்த கதவின் வழியேதான் அவர் எண்ணாத தொலைவுக்கும் பெண்கள் சென்றனர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து, பின்னர் மருத்துவரும் சட்டமன்ற உறுப்பினருமானதை நாம் அறிவோம்.

1887இல் ‘சுகுண சுந்தரி’யைத் தந்த வேதநாயகர், 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் மறைந்தார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் பல சமயத்தாரும், சமயம் சாராதாரும் ஒரே பாயில் அமர்ந்து கவிதை படிக்கின்றோம். நம் நம்பிக்கையை மறைக்கவும் வேண்டா. பிறர்மேல் திணிக்கவும் வேண்டா. அது நாம் செய்யும் தொழிலில் நேர்மையாகவும், பசித்தவன் கலத்தில் கஞ்சியாகவும், எழுதும் தமிழில் எளிமையாகவும் வெளிப்படுமாயின் அதுவே போதும். வேதநாயகர் வாழ்ந்து காட்டிய வழி இதுவே.