கதரீன் புளொட்ஜெற் அம்மையார்

கதிரவனுக்கு எதிர்முகமாக நின்று நிழற்படம் எடுத்தோர் அதனால் வரும் தொல்லையை அறிவர். படத்திலே வெண்புகை படர்ந்தாற்போன்ற மங்கலும், அவ்விடத்தில் இல்லாத ஒளிவட்டங்களும் தோன்றும். குற்றம் எடுத்தவருடையதன்று, வில்லையினுடையது. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கைத் தெறிக்கச் செய்கின்றது. மூன்று தனி வில்லைகள் கொண்ட கருவியில் ஆறு பரப்புக்கள் உள. ஆகவே ஒளியில் ஐந்திலொரு பங்கு வீணாகும். வீணாவதோடு ஒழிந்தால் நன்று. அதிற் சிறிது வில்லைகளுக்கிடையே முன்னும் பின்னும் தெறித்து, ஈற்றிற் படச்சுருளில் வீழ்ந்து படத்தைக் கெடுக்கின்றது. யாம் தமிழ் கற்பிப்போர். பௌதிகம் வல்லோம் அல்லேம். ஆயினும் இத்தெறிப்பை அடக்க முயன்ற ஒரு பெண்மணியின் வரலாறு எம்மைக் கவர்ந்தமையால் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அம்மையார் 1898 சனவரி 10 ஆம் நாள் அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து ஜெனரல் எலெக்ரிக் கம்பனியின் சட்டப் பணியாளர். வீடு புகுந்த கள்வனாற் சுடப்பட்டு, மகளின் முகம் காணுமுன்னரே இறந்தார். தந்தை பணிபுரிந்த கம்பனியின் ஆய்வுகூடத்தை மகள் கல்லூரி நாளிலே சென்று பார்த்தார். அங்கிருந்த இர்விங் இலாங்மூர் என்னும் பேரறிஞர், மேலும் கற்று வருமாறு அறிவுரை பகர்ந்தார். அவ்வாறே சிக்காகோவிற் பட்டம் பெற்று மீண்டு, அக்கூடம் பணிக்கமர்த்திய முதற் பெண் விஞ்ஞானியானார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, றதர்போர்ட்டின் ஆய்வுகூடத்திற் பயின்று, 1926 இல் அங்கு பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணியானார். அப்பல்கலைக்கழகமோ 1948 வரை பெண்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

நீர்மேல் இட்ட கொழுப்பமிலத்துளி ஒரு மூலக்கூற்றின் தடிப்பே உள்ள படலமாய்ப் பரவும். அதனுட் கண்ணாடித் தகட்டை அமிழ்த்தி எடுக்குந்தோறும் ஒவ்வொரு படை அதில் ஒட்டும் வழியை அம்மையார் செம்மையாக்கினார். மழை நாளிலே தெருநீரில் மிதக்கும் எண்ணெயின் நிறங்களை மாணவர் கண்டிருப்பர். அந்நிறம் படலத்தின் தடிப்புக்கேற்ப மாறும், அதனையே அளவுகோலாக்கினார். படலத்தின் தடிப்பு ஒளியலை நீளத்தின் காற்பங்காயின், மேற்பரப்பிலே தெறித்த அலையும் அடிப்பரப்பிலே தெறித்த அலையும் ஒன்றையொன்று அழிக்கும். தடிப்பு மட்டும் போதாது. படலம் கண்ணாடியினும் ஒளியைக் குறைவாக முறிப்பதாயும் இருத்தல் வேண்டும். அதன்பொருட்டுப் படலத்திலுள்ள அமிலத்தைக் கரைத்தெடுத்து, நுண்டுளைகள் நிறைந்ததாக்கினார். 44 படைகள் பூசிய கண்ணாடி 1938 இல் உலகறிய வெளிவந்தது. தெறிப்பு ஏறத்தாழ முற்றாக நீங்கியமையால், கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தோன்றவில்லை.

இதனால் அவரே இத்துறையில் முதல்வர் என்பாரும் உளர். அது நடுவுநிலையான கூற்றன்று. இங்கிலாந்திலே டெனிஸ் ரெயிலர், பழமையால் நிறம் மாறிய வில்லை புதியதினும் மிகுதியாக ஒளியை விடுவதை 1892 இலேயே கண்டார். ஜெர்மனியின் சைஸ் தொழிற்சாலையில் அலெக்சாந்தர் சுமாக்குலா 1935 இல் வெற்றிடத்திற் பூசும் முறையை அமைத்தார். அது போர் இரகசியமாக மறைக்கப்பட்டது. அன்றியும் அம்மையாரின் படலம் மென்மையானது. விரலாற் றுடைத்தாலே அழியும். வில்லைகளில் நிலைத்தது வெற்றிடத்திற் படிவித்த மகனீசியம் புளோரைட்டு முதலியனவே. பழைய கருவிகளின் வில்லையிற் காணும் ஊதாச் சாயல் அதனுடையது.

அங்ஙனமாயின் அவர் செய்தது யாது? கண்ணுக்குப் புலனாகாத தடிப்பை ஒவ்வொரு மூலக்கூறாக எண்ணி அடுக்கலாம் என்பதைக் கைத்தொழிலாகவே செய்து காட்டினார். எம் கருத்தில் இது பூச்சினும் பெரிது. இலாங்மூர் 1932 இல் நோபெல் பரிசு பெற்றார். அம்மையாருக்கு அது கிட்டவில்லை. எனினும் அப்படலங்களை விஞ்ஞானிகள் இன்றும் இலாங்மூர்-புளொட்ஜெற் படலங்கள் என இருவர் பெயராலுமே வழங்குகின்றனர்.

உலகப்போர்க் காலத்திற் புகைத்திரை ஆய்விலும் ஈடுபட்டார். 1963 இல் ஓய்வு பெற்று, தோட்டமும் நாடகமுமாய்க் காலங்கழித்து, பிறந்த ஊரிலேயே 1979 ஒக்டோபர் 12 ஆம் நாள் காலமானார்.